அறுபது சதம் அடைப்பு என்றால் என்ன?

மாமா அந்தக் காகிதத்தை ரொட்டித் தட்டுக்கு அடியில் சொருகி வைத்திருந்தார். ஜன்னலைத் திறந்தால் தென்னாப்பிரிக்காவின் இந்தச் சாட்ஸ்வொர்த் மேட்டுக் காற்று எதையும் விட்டுவைக்காது. இரண்டு மாதமாக அவருக்கு, பஸ் இறங்கிக் காய்கறிப் பையோடு ஏற்றம் ஏறும்போது நடுநெஞ்சில் ஒரு இறுக்கம். நின்று மூச்சு வாங்கினால் போய்விடுகிறது. டர்பனில் சி.டி. ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். இதயத்தின் முன்பக்கத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனியில் அறுபது சதவீதச் சுருக்கம் என்று எழுதியிருந்தது. ஸ்டென்ட் (சுருங்கிய இடத்தை விரித்துப் பிடிக்கும் சின்ன உலோக வலைக்குழாய்) வைக்கலாம், மாத்திரையோடும் பார்க்கலாம் என்றாராம் டாக்டர்.

“அறுபது போனா மிச்சம் நாப்பது இருக்கில்ல மாப்ளே? நாப்பதுல ரத்தம் போவாதா? நீதான் மில்லுல பைப்புக் கணக்கு போடுறவன், சொல்லேன்.”

எனக்குச் சொல்லத் தெரிந்தது பாதிதான். மீதியைத் தேடிப் படித்தேன். நான் மருத்துவன் இல்லை, சர்க்கரை ஆலையில் குழாய் பார்ப்பவன். இந்த விஷயத்தில் அது பெரிய குறையில்லை என்று போகப்போகத் தெரிந்தது.

மாமாவின் கழித்தலில் முதலில் ஒரு திருத்தம். அறிக்கையில் வரும் சதவீதம் தமனியின் விட்டத்தைப் பற்றியது. விட்டத்தில் 40 சதவீதம் மிஞ்சினால், இரத்தம் போகும் துளையின் பரப்பில் மிஞ்சுவது 0.4 பெருக்கல் 0.4, அதாவது 16 சதவீதம்தான். ஓட்டத்துக்கு ஏற்படும் தடையோ ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் போகிறது. ஒரு குழாயின் விட்டம் நீளம் முழுக்கப் பாதியானால் தடை 16 மடங்கு. நாற்பது சதவீதமாகச் சுருங்கினால் ஏறத்தாழ 39 மடங்கு. இதைக் கேட்டதும் மாமா முகம் வெளுத்தது. அவசரப்பட்டுவிட்டேன். அந்த 39 மடங்கு, அடைப்பு இருக்கும் சிறு துண்டுக்கு மட்டும்தான். இதயத்துக்குப் போகும் இரத்தத்துக்கு உள்ள மொத்தத் தடையில் பெரும்பங்கு மேலே தெரியும் தமனிகளில் இல்லை; தசைக்குள் போய் மறையும், ஸ்கேனில் தெரியாத நுண்குழாய்களில் இருக்கிறது. மேலே அடைப்பு வந்தால் கீழே இவை விரிந்து கொடுத்து ஈடுகட்டும்.

அதனால்தான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மாமாவுக்கு ஒன்றும் இல்லை. ஏற்றத்தில் தசை நாலு மடங்கு இரத்தம் கேட்கிறது. நுண்குழாய்கள் ஏற்கெனவே விரிந்துவிட்டதால் இன்னும் விரிய இடமில்லை. அமெரிக்க இதய மருத்துவர் லான்ஸ் கௌல்ட் 1974-இல் நாய்களில் அளந்து காட்டியது இது: ஓய்வில் இருக்கும்போது விட்டம் 85 சதவீதம் போலச் சுருங்கும் வரை ஓட்டம் குறைவதில்லை, உச்ச ஓட்டமோ சுருக்கம் 50 சதவீதத்தை எட்டுவதற்குள்ளேயே குறைய ஆரம்பிக்கிறது. 50-க்கும் 85-க்கும் நடுவில் இருக்கும் இந்தப் பெரிய மைதானத்தில்தான் மாமாவைப் போன்றவர்கள் நிற்கிறார்கள். அங்கே சதவீதத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் முடிவு கட்ட முடியாது.

ஆலையில் நாங்கள் இதை எப்படிப் பார்ப்போம்? சாறு போகும் குழாயில் ஒரு வடிகட்டி இருக்கும். அதற்கு முன்னால் ஒரு அழுத்தமானி, பின்னால் ஒன்று. இரண்டு முள்ளும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றால் விட்டுவிடுவோம். பின்னால் இருப்பது இறங்க ஆரம்பித்தால் நிறுத்திக் கழுவுவோம். வடிகட்டி எத்தனை சதவீதம் அடைந்திருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஒரு நிபந்தனை உண்டு: பம்ப் முழு வேகத்தில் ஓடும்போது பார்க்க வேண்டும். மெதுவாக ஓடினால் அழுக்கு வடிகட்டியும் நல்ல பிள்ளையாகத் தெரியும்.

இதய மருத்துவத்தில் இதே வேலையைச் செய்வதற்கு எஃப்.எஃப்.ஆர். (ஃபிராக்ஷனல் ஃப்ளோ ரிசர்வ்) என்று பெயர். நெதர்லாந்தின் நிக்கோ பெய்ல்ஸும் பெல்ஜியத்தின் பெர்னார்ட் டி பிரைனும் 1990-களில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். மணிக்கட்டு அல்லது தொடை வழியாக, முனைக்கருகே அழுத்த உணரி பொருத்திய, மூன்றில் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியை அடைப்பைத் தாண்டி அனுப்புவார்கள். அடினோசின் மருந்து கொடுத்து நுண்குழாய்களை முழுக்க விரிய வைப்பார்கள். பம்பை முழு வேகத்தில் ஓட்டுவதற்குச் சமம் அது. அடைப்புக்குப் பின்னுள்ள அழுத்தத்தை முன்னுள்ள அழுத்தத்தால் வகுத்தால் வரும் எண் 0.80-க்கு மேல் என்றால் அந்த இடத்தை விட்டுவிடலாம். அதற்குக் கீழே என்றால் ஸ்டென்ட் பற்றிப் பேசலாம். 2009-இல் வெளிவந்த ஃபேம் சோதனையில் 1,005 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். படத்தைக் கண்ணால் பார்த்து முடிவெடுத்த பக்கம் ஆளுக்குச் சராசரி 2.7 ஸ்டென்ட், அழுத்தத்தை அளந்து முடிவெடுத்த பக்கம் 1.9. ஓராண்டில் மரணம், மாரடைப்பு, மறு சிகிச்சை எல்லாம் சேர்ந்து முதல் பக்கம் 18.3 சதவீதம், இரண்டாவது பக்கம் 13.2. குறைவாக வைத்தவர்கள் நன்றாக இருந்தார்கள்.

கம்பியை உள்ளே விடாமல் அந்த எண்ணைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்வியில்தான் கணினி வருகிறது.

அந்த சி.டி. படமே ஒரு கணக்கின் விடை, அதுவும் இந்த நாட்டில் போட்ட கணக்கு. 1955-இல் கேப் டவுன் குரூட் ஸ்கூர் மருத்துவமனையில் இயற்பியலாளர் பதவி காலியானது. கதிரியக்கப் பொருள்களைக் கையாள ஒரு இயற்பியலாளர் மேற்பார்வை பார்க்க வேண்டும் என்பது சட்டம். கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆலன் கார்மாக் 1956-இல் வாரத்தில் ஒன்றரை நாள் அங்கே போனார். உடம்பு முழுக்க ஒரே சீரான பொருள் என்று வைத்துக்கொண்டு கதிர் சிகிச்சைக்குக் கணக்குப் போடுவதைப் பார்த்தார். எலும்பும் நுரையீரலும் எப்படி ஒன்றாகும்? வெளியிலிருந்து பல கோணத்தில் கதிரை அனுப்பி, மறுபக்கம் எவ்வளவு வருகிறது என்று அளந்தால், உள்ளே எங்கே என்ன இருக்கிறது என்பதைக் கணிதத்தால் மீட்டெடுக்கலாம் என்று தோன்றியது. மரவளையத்துக்கு நடுவே அலுமினிய உருளை வைத்துச் சோதித்தபோது, நடுவில் மூன்று புள்ளிகள் மட்டும் கொஞ்சம் விலகி நின்றன. பட்டறையில் விசாரித்தால், அந்த உருளையின் நடுவில் வேறு மாதிரியான அலுமினிய முளை ஒன்றை அடித்திருந்தார்களாம். வெட்டிப் பார்க்காமலே கணக்கு அதைக் கண்டுபிடித்துவிட்டது. 1963-இலும் 64-இலும் கட்டுரை எழுதினார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பிரதி கேட்டு வந்த கடிதங்களில் சுவாரசியமானது சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆராய்ச்சி மையத்திலிருந்து வந்ததுதான் என்று அவரே பின்னாளில் சொன்னார். 1979-இல், சி.டி. கருவியைக் கட்டிய பிரிட்டன் பொறியாளர் ஹௌன்ஸ்ஃபீல்டோடு சேர்ந்து நோபல் பரிசு வாங்கினார்.

குரூட் ஸ்கூர் என்றதும் எல்லாருக்கும் 1967-இல் கிறிஸ்டியன் பர்னார்ட் செய்த இதய மாற்று அறுவைதான் நினைவுக்கு வரும். எனக்கென்னவோ அதே கட்டடத்தில் வாரம் ஒன்றரை நாள் உட்கார்ந்திருந்த மனிதர்தான் மாமாவுக்கு அதிகம் உதவியிருக்கிறார் என்று படுகிறது.

அந்தப் படத்திலிருந்து ஓட்டத்தைக் கணக்கிடுவது இப்படி. முதலில் கரோனரித் தமனிகளின், அதாவது இதயத் தசைக்கே இரத்தம் தரும் தமனிகளின், உட்சுவரை முப்பரிமாண வடிவமாகப் பிரித்தெடுக்கிறார்கள். அந்த வடிவத்தை லட்சக்கணக்கான சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டுகிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும், திரவ ஓட்டத்தை விவரிக்கும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகளைத் தீர்க்கிறது கணினி. சர்க்கரைப் பாகு குழாயில் எப்படிப் போகும் என்று நான் கண்டுபிடிப்பதும் இதே சமன்பாடுகளால்தான். இரத்தம் தண்ணீரைவிட மூன்று நான்கு மடங்கு பாகுத்தன்மை உள்ளது, பாகோடு ஒப்பிட்டால் அது தண்ணீர்தான். இதுவரை எந்தக் குழாய்க்காரனும் செய்வான்.

சிக்கல் குழாயின் இரண்டு முனைகளில் இருக்கிறது. உள்ளே எவ்வளவு வருகிறது, வெளியே எவ்வளவு தடை இருக்கிறது என்று சொல்லாமல் சமன்பாடு எதையும் தீர்க்காது. ஸ்கேனிலோ ஓட்டம் தெரியாது, நுண்குழாய்களும் தெரியாது. அங்கே உடலியலிலிருந்து கடன் வாங்குகிறார்கள். இதயத் தசையின் எடையைப் படத்திலிருந்து கணித்து, இவ்வளவு தசைக்கு ஓய்வில் இவ்வளவு இரத்தம் வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு கிளையின் பருமனைப் பார்த்து, அது எவ்வளவு தசைக்கு ஊட்டுகிறது என்று ஊகிக்கிறார்கள். அடினோசின் கொடுத்தால் நுண்குழாய்த் தடை ஏறத்தாழ நாலில் ஒரு பங்காக இறங்கும் என்று வைத்துக்கொள்கிறார்கள். இன்னொரு வினோதமும் உண்டு: உடம்பின் மற்றத் தமனிகளில் இதயம் சுருங்கும்போதுதான் இரத்தம் அதிகம் பாயும். கரோனரியில், குறிப்பாக இடப்பக்கம், இதயம் தளரும்போதுதான் அதிகம் பாயும். சுருங்கும் தசை தன் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்கிறது. மாதிரியில் இதையும் சேர்க்க வேண்டும். எல்லாம் முடிந்து திரையில் ஒரு வண்ணமரம் வருகிறது: நீலமாக ஆரம்பிக்கும் தமனி, அடைப்பைத் தாண்டியதும் பச்சையாகி, மோசமென்றால் சிவக்கிறது.

ஸ்டான்ஃபோர்டில் இருந்த சார்ல்ஸ் டெய்லர் இந்த வழியைக் கண்டு, ஹார்ட்ஃப்ளோ என்ற நிறுவனம் தொடங்கினார். 2014-இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு வந்த 254 பேர் சோதனையில், கம்பி சொன்ன தீர்ப்பும் கணினி சொன்ன தீர்ப்பும் நூற்றுக்கு 81 நோயாளிகளில் ஒத்துப்போயின. இந்த எண்ணை இரண்டு விதமாகப் படிக்கலாம். தோலைக் குத்தாமல் இவ்வளவு தூரம் வந்தது பெரிய விஷயம். ஐந்தில் ஒருவருக்குத் தவறியதும் உண்மை. தவறுகள் பெரும்பாலும் 0.80-ஐ ஒட்டிய எல்லைக்கோட்டில் நடக்கின்றன. 0.92 என்றோ 0.60 என்றோ வந்தால் நம்பலாம், 0.79 என்று வந்தால் அதை ஓர் எண்ணாக எடுத்துக்கொள்ளாமல், ஒரு சந்தேகமாக எடுத்துக்கொள்ள வேண்டும். சுவரில் சுண்ணாம்பு அதிகமாகப் படிந்திருந்தால் படத்தில் அது பூத்துப் பெரிதாகத் தெரியும், துளை சின்னதாகத் தெரியும். ஸ்கேன் நேரத்தில் நாடி வேகமாக அடித்தால் படம் மங்கும். குப்பையைப் போட்டால் வண்ணவண்ணமாகக் குப்பை வரும், ஆலையிலும் இதே கதைதான்.

இதைவிட எளிய கணக்குகளும் வந்துவிட்டன. சாயம் செலுத்தி எடுக்கும் சாதாரண ஆஞ்சியோகிராம் எக்ஸ்ரே படங்களிலிருந்தே சில நிமிடத்தில், ஒரு மடிக்கணினியில், அழுத்த வீழ்ச்சியைக் கணிக்கும் கியூ.எஃப்.ஆர். அப்படி ஒன்று. 2021-இல் சீனாவில் 3,825 பேரிடம் நடந்த சோதனையில் அது கண்மதிப்பைவிட நன்றாகச் செய்தது: ஓராண்டில் கெட்டது நடந்தவர்கள் 8.8-க்குப் பதில் 5.8 சதவீதம். சபாஷ் என்றார்கள். 2024-இல் ஐரோப்பாவில் அதையே கம்பியோடு மோதவிட்டார்கள். கம்பிப் பக்கம் 4.2, கணக்குப் பக்கம் 6.7. கண்ணைவிட மேல், கம்பிக்குக் கீழ். இப்படிப் பார்த்தால் இரண்டு சோதனைகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை.

அடைப்பை அளப்பதோடு கதை நிற்பதில்லை. சிகிச்சையையே திரையில் ஒத்திகை பார்க்கலாம். வடிவத்தில் அடைப்புள்ள இடத்தைக் கணினியில் அகலப்படுத்திவிட்டு மறுபடி ஓடவிட்டால், இங்கே ஸ்டென்ட் வைத்தால் எண் எவ்வளவு ஏறும் என்று தெரிந்துவிடும். நீளமாகப் பரவிய படிவு உள்ளவர்களுக்கு இது முக்கியம்: ஒரு இடத்தைத் திறந்தாலும் எண் ஏறாது என்று முன்பே தெரிந்தால், அந்த ஸ்டென்ட்டே தேவையில்லை.

இன்னும் கிட்டத்தில் போனால் ஸ்டென்ட்டின் கம்பி தெரியும். கோபால்ட்-குரோமியக் கலவையில் ஏறத்தாழ 80 மைக்ரான், ஒரு தலைமுடித் தடிமன். மடக்கிய பலூனின் மேல் நசுக்கி உட்கார வைத்து, உள்ளே பத்துப் பதினைந்து வளிமண்டல அழுத்தத்தில் ஊதி விரிக்கிறார்கள். காரின் டயரில் இருப்பது இரண்டரை. உலோகம் எங்கே வளைகிறது, விட்டதும் எவ்வளவு பின்வாங்குகிறது, தமனிச் சுவரை எங்கே கீறுகிறது என்பதைப் பாலம் கட்டும் பொறியாளர்கள் பயன்படுத்தும் அதே சிறுகூறு முறையில், பொருளைச் சின்னத் துண்டுகளாக வெட்டிக் கணிக்கிறார்கள். ஒவ்வொரு கம்பியின் பின்னாலும் இரத்தம் ஒரு சின்னச் சுழலாகத் தேங்குகிறது. ஆற்றில் பாறைக்குப் பின்னால் சருகு சேருமே, அப்படி. சுவரை இரத்தம் மெதுவாக உரசும் இடத்தில்தான் படிவும் உறைவும் விரும்பி உட்காரும். கம்பி தடிமனானால் சுழலும் பெரிதாகும். தானே கரைந்துபோகும் அப்சார்ப் ஸ்டென்ட் 2016-இல் அமெரிக்க அனுமதி பெற்று, உறைவுகள் அதிகம் என்று தெரிந்து 2017-இலேயே விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. அதன் கம்பி 150 மைக்ரானுக்கு மேல். தடிமன் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சுழலைத் திரையில் பார்த்த எந்தக் குழாய்க்காரனுக்கும் வயிற்றைப் பிசைந்திருக்கும்.

பைபாஸிலும் கேப் டவுன் வருகிறது. காலிலிருந்து எடுத்த சிரையை இதயத்தில் ஒட்டுகிறார்கள். குறைந்த அழுத்தத்துக்கே பழகிய அந்த மெல்லிய குழாய், ஒரே நாளில் தமனியின் அழுத்தத்துக்கு ஆளாகிறது. அது உப்பும், பிறகு உட்சுவர் தடித்து அடைக்கும். அதற்கு வெளியே ‘நிட்டினால்’ என்ற நிக்கல்-டைட்டேனியக் கலவைக் கம்பியால் பின்னிய ஒரு வலைக் காலுறை போட்டால் என்ன என்று கேப் டவுன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் யோசித்தார்கள். எந்தப் பின்னல் தமனியைப் போலவே முதலில் இளகி, பிறகு இறுகும் என்பதைக் கணினியில் தேடி 2008-இல் வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரையில் பெயர் உள்ளவர்களில் ஒருவர் கணிதப் பேராசிரியர் தயா ரெட்டி; பிற்பாடு சர்வதேச அறிவியல் மன்றத்தின் முதல் தலைவரானவர். கரும்பு வெட்ட வந்தவர்களின் ஊரில், நம் பெயரைப் போல ஒலிக்கும் ஒரு பெயரை அங்கே பார்த்தபோது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அசட்டுத்தனம்தான், இருக்கட்டும்.

நம் பெயர் வேறு பட்டியலிலும் உண்டு. 1860-இல் மெட்ராஸிலிருந்து டிரூரோ கப்பல் டர்பன் வந்தது. அதில் வந்தவர்களின் பேரன் பேத்திகளுக்கு மாரடைப்பும் சர்க்கரை நோயும் அதிகம் என்று இங்குள்ள மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாக எழுதிவருகிறார்கள். எங்கள் தெருவில் அதற்கு ஆய்வு தேவையில்லை. ஆயா, தாத்தா, பெரியப்பா என்று எண்ணினாலே போதும். ஆனால் மேலே சொன்ன ஃபேம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்தது, கியூ.எஃப்.ஆர். சோதனைகள் சீனாவிலும் ஐரோப்பாவிலும் நடந்தன. சர்க்கரை நோயில் முதலில் கெடுவது நுண்குழாய்கள். “தடை நாலில் ஒன்றாக இறங்கும்” என்ற அந்தக் கடன் எண் அந்த நோயாளிகளுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை, சர்க்கரை உள்ளவர்கள் நிறைந்த டர்பனில் அளந்து பார்ப்பதைவிட வேறு எங்கே பார்ப்பது?

கருவி இல்லாமல் இல்லை. செட்ஸ்வானா மொழியில் சிவிங்கிப்புலி என்று பொருள்படும் லெங்காவ் என்ற அதிவேகக் கணினி 2016-இலேயே கேப் டவுனில் ஓட ஆரம்பித்தது. தடை வேறிடத்தில். இந்த நாட்டில் மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள் நூற்றுக்குப் பதினாறு பேர் அளவில்தான். மற்றவர்கள் அரசு மருத்துவமனை வரிசையில் நிற்பவர்கள். அவர்களுக்கு வெளிநாட்டுக்குப் படத்தை அனுப்பிக் காசு கட்டி வாங்கும் வண்ணமரத்தைவிட, ஆஞ்சியோகிராம் அறையிலேயே மடிக்கணினியில் ஓடும் எளிய கணக்குதான் பயன்படும் என்பது என் எண்ணம். கொஞ்சம் துல்லியம் குறைந்தாலும், கண்மதிப்பைவிட மேல் என்று தெரிந்திருக்கிறதே.

மாமாவுக்குக் கடைசியில் கம்பிதான் விட்டார்கள். முன்னால் 92, பின்னால் 77, வகுத்தால் 0.84. ஸ்டென்ட் வேண்டாம், மாத்திரை, நடை, சிகரெட்டுக்கு முழுக்கு. ஏமாந்துபோனார் என்றே நினைக்கிறேன். இரும்பு ஏதாவது உள்ளே போனால்தான் வைத்தியம் என்று அவர் தலைமுறைக்கு ஒரு நம்பிக்கை. 2020-இல் வந்த இஸ்கீமியா சோதனையைச் சொன்னேன். மாமாவைப் போல அவசரமில்லாத இதயத் தமனி நோய் இருந்த 5,179 பேரில், மாத்திரையோடு நிறுத்தியவர்களைவிட உடனே ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்துகொண்டவர்கள் அதிகம் பிழைத்துவிடவில்லை, வலிதான் குறைந்தது. ஆனால் உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்தாலோ, நின்றும் போகாவிட்டாலோ இந்தக் கணக்கெல்லாம் கிடையாது, உடனே ஆஸ்பத்திரி என்பதை அத்தையையும் கூப்பிட்டு இரண்டு தரம் சொன்னேன்.

சொல்லாமல் விட மனமில்லாத ஒன்றையும் சொன்னேன். 0.84 என்பது அன்று காலை எவ்வளவு இரத்தம் போனது என்பதற்கான விடை. மாரடைப்பு பல சமயம் பெரிய அடைப்பிலிருந்து வருவதில்லை. பாதிகூட அடைக்காத, உள்ளே கொழகொழவென்று கொழுப்பும் மேலே காகிதம் போன்ற மூடியும் உள்ள படிவு ஒன்று திடீரென்று கிழிந்து, அதன்மேல் இரத்தம் உறைவதால் வருகிறது. அந்த மூடி 65 மைக்ரானுக்கும் மெலிந்தால் ஆபத்து என்கிறார்கள். ஸ்டென்ட் கம்பியைவிட மெல்லியது. எங்கே இழுவிசை மிகுந்து எது கிழியும் என்று கணிக்கவும் மாதிரிகள் எழுதுகிறார்கள். சுவரின் சில இடங்களில் ஏன் படிகிறது என்பதை அவை நன்றாக விளக்குகின்றன. எது, எப்போது கிழியும் என்று சொல்ல இன்னும் வராது.

மாமா கொஞ்ச நேரம் யோசித்தார்.

“அப்ப அந்தக் கம்ப்யூட்டருக்கு நான் நாளைக்கு என்ன சாப்புடுவேன்னு தெரியாது.”

“தெரியாது மாமா.”

“சனிக்கிழமை மட்டன் பன்னி சௌ?”

ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பும் டர்பன் பண்டம் அது. பெயரைக் கேட்டுத் தமிழ்நாட்டுக்காரர்கள் பதறுவார்கள், பன்றி எதுவும் கிடையாது. அத்தை அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“அரை வேணாம்,” என்றார் மாமா அவசரமாக. “கால் ரொட்டிதான் கேட்டேன்.”